கையெழுத்து இல்லாத உத்தரவுகள்

இணையத்தில் யாருக்குப் பொறுப்பு என்று பேச்சு எடுத்தாலே எல்லோரும் உடனே கம்பெனிகள் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். ஃபேஸ்புக் என்ன செய்கிறது, கூகுள் என்ன செய்கிறது, பொய் பரப்புகிறவனை ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள், என் போஸ்டை மட்டும் ஏன் தூக்கினார்கள். நியாயமான கேள்விகள்தான், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் இந்தப் பேச்சு முழுவதிலும் அரசாங்கம் நீதிபதி நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறது, மற்றவர்களைக் கட்டுப்படுத்த வேண்டிய ஆள் என்ற வேடத்தில். அதுவும் இணையத்தில் புழங்குகிற ஒரு தரப்புதான், இருப்பவர்களிலேயே பலம் கூடிய தரப்பு, அது தப்பு செய்தால் யாரைப் போய்க் கேட்பது என்ற கேள்வியை யாரும் எடுப்பதில்லை.

அரசு இணையத்தில் செய்கிற வேலைகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சட்டம் போடுகிறது. இந்தத் தளத்தைத் தடை செய், அந்தப் பதிவை எடு என்கிறது. ஒரு பகுதிக்கே இணையத்தை அணைத்து வைக்கிறது. நம் விவரங்களையெல்லாம் வாங்கி அடுக்கி வைக்கிறது, சில சமயம் தொலைக்கவும் செய்கிறது. சாஃப்ட்வேரை ஓடவிட்டு யாருக்கு உதவித்தொகை, யாரிடம் பணத்தைத் திரும்ப வாங்குவது என்று முடிவு எடுக்கிறது. அமைச்சர்களும் அதிகாரிகளும் அக்கவுண்ட் வைத்துக்கொண்டு அறிவிப்பு வெளியிடுகிறார்கள், பிடிக்காதவர்களை பிளாக் செய்கிறார்கள். போலி அக்கவுண்டில் ஒளிந்துகொண்டு பேசுகிற அரசுகளும் உண்டு.

காகிதத்தில் ஒரு அரசு உத்தரவு வந்தால் அதில் எண் இருக்கும், தேதி இருக்கும், எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவின்படி என்று இருக்கும், கீழே ஒருவருடைய பெயரும் பதவியும் கையெழுத்தும் இருக்கும், ஒப்புக்கொள்ள முடியவில்லை என்றால் இத்தனை நாளுக்குள் இன்னாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று ஒரு வரியும் பெரும்பாலும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போகலாம். அதே வேலை இணையத்துக்கு மாறியதும் இவையெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. யார் செய்தது என்று தெரியாது, எதற்காக என்று தெரியாது, சில நேரம் அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. நான் ஒரு அரசுத் தளத்தில் கொடுத்த விண்ணப்பம் ஒன்று 'நிராகரிக்கப்பட்டது' என்ற ஒரே சொல்லோடு திரும்பி வந்தது. யார் நிராகரித்தார்? அதிகாரியா, சாஃப்ட்வேரா? கேட்க ஒரு போன் நம்பர்கூடக் கிடையாது. என்னுடையது சின்ன விஷயம், அடுத்த முறை போட்டதும் சரியாகிவிட்டது. எல்லோருக்கும் அப்படிச் சின்னதாக முடிவதில்லை.

ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் 2012 ஜூலையில் ஒரு தீர்மானம் போட்டது. இணையத்துக்கு வெளியே மனிதர்களுக்கு என்னென்ன உரிமைகள் உண்டோ அதெல்லாம் இணையத்துக்குள்ளும் காக்கப்பட வேண்டும் என்று. இன்றைக்கு எந்த நாட்டுப் பிரதிநிதியும் மேடையில் அதை மறுத்துப் பேசமாட்டார். சரி, அப்படியென்றால் வெளியே அரசுக்கு இருக்கிற கடமைகளும் கூடவே உள்ளே வரவேண்டும் அல்லவா? காரணம் சொல்வது, மறுதரப்பைக் கேட்பது, தன் செயலுக்குத் தன் பெயரைப் போடுவது. அங்கேதான் சுணக்கம்.

முதலில் தடை உத்தரவுகள். இந்தியாவை எடுத்துக்கொண்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி மத்திய அரசு ஒரு தளத்தையோ பதிவையோ முடக்கச் சொல்லலாம். இதற்கான 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது விதி, புகார்களும் அவற்றின்மீது எடுத்த நடவடிக்கையும் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது. 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை ரத்து செய்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், அதே தீர்ப்பு 69ஏ செல்லும் என்றும் சொன்னது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது, ஆகவே அதை வைத்து நீதிமன்றத்துக்கு வர முடியும் என்பது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எழுதி வைத்த காரணம் ரகசியம் என்றால் எதை வைத்து வழக்கு போடுவது? எழுதியவருடைய பதிவு ஒரு காலையில் காணவில்லை, நிறுவனத்திடம் கேட்டால் சட்டப்படி வந்த கோரிக்கை என்கிறது, அரசிடம் கேட்டால் பதில் இல்லை. (ரத்தான 66ஏ கதையும் சுவாரசியமானது. ஆறு வருடம் கழித்து, 2021இல், போலீஸ் இன்னும் அந்தப் பிரிவிலேயே வழக்கு பதிவு செய்துகொண்டிருக்கிறது என்று தெரியவந்து உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. செத்துப்போன பிரிவுக்கு இருந்த ஆயுள் அப்படி.)

இணைய முடக்கத்திலும் இதே கதைதான். 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இணையம் நிறுத்தப்பட்டபோது ஒரு பத்திரிகை ஆசிரியர் நீதிமன்றம் போனார். அங்கே முதலில் எழுந்த பிரச்சினை முடக்கம் சரியா தவறா என்பதுகூட இல்லை, அதற்கான உத்தரவுகள் எங்கே என்பது. நீதிமன்றம் கேட்டும் அரசு எல்லா உத்தரவுகளையும் கொண்டுவரவில்லை, மாதிரிக்குச் சிலவற்றைத்தான் கொடுத்தது. 2020 ஜனவரி 10 அன்று வந்த அனுராதா பாசின் தீர்ப்பு, முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி முடக்க முடியாது, தேவைக்கு மேல் போகக்கூடாது என்று சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பு அன்றைக்கே முடக்கத்தை நீக்கிவிடவில்லை, மறுபரிசீலனை செய்யுங்கள் என்று அரசிடமே திருப்பி அனுப்பியது. கொள்கையில் மக்கள் பக்கம், நடைமுறையில் அரசு பக்கம். இந்த மாதிரித் தீர்ப்புகளை உலகம் முழுக்கப் பார்க்கலாம்.

துருக்கியில் நடந்தது இன்னும் விசித்திரம். 2009இல் அங்கே ஒரு நீதிமன்றம், கூகுள் சைட்ஸில் இருந்த ஒரே ஒரு தளத்தை முடக்கச் சொன்னது. அதை மட்டும் தனியாக முடக்கத் தொழில்நுட்ப வசதி இல்லை என்று தொலைத்தொடர்பு அமைப்பு சொல்ல, மொத்த கூகுள் சைட்ஸும் முடங்கியது. அந்த வழக்குக்குத் துளியும் சம்பந்தம் இல்லாத ஒரு ஆய்வு மாணவர் தன் கட்டுரைகளையெல்லாம் அங்கேதான் வைத்திருந்தார். அவருக்கு நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை, ஏனென்றால் உத்தரவில் அவரே இல்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012 டிசம்பரில் அவருடைய கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டது என்று தீர்ப்பு சொன்னது. மூன்று வருடம் போனபின்.

இவையெல்லாம் உத்தரவு என்று ஒன்றாவது இருக்கிற வழக்குகள். என்னை அதிகம் உறுத்துவது உத்தரவே இல்லாமல் காரியம் நடத்துவது. ஒரு அதிகாரி சமூக ஊடக நிறுவனத்துக்கு ஒரு மெயில் அனுப்புகிறார், ஒரு போன் பேசுகிறார்: இந்தப் பதிவுகள் உங்கள் விதிகளுக்கே முரணாக இருக்கின்றனவே, கொஞ்சம் கவனியுங்கள். மிரட்டல் இல்லை. ஆனால் அந்த நிறுவனத்தின் லைசென்ஸ், வரி, வரப்போகிற சட்டத் திருத்தம் எல்லாம் அந்த அதிகாரி இருக்கிற அரசின் கையில். பதிவு போய்விடுகிறது. ஏன் என்று கேட்டால் நிறுவனம், எங்கள் விதிப்படி நாங்களே எடுத்தோம் என்கிறது, அரசு, நாங்கள் உத்தரவு ஏதும் போடவில்லையே என்கிறது. இரண்டும் எழுத்தளவில் உண்மை.

இந்த உத்தி இணையத்துக்கு முந்தியது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 1950களில் இளைஞர்களின் ஒழுக்கத்தைக் காக்க என்று ஒரு ஆணையம் அமைத்தார்கள். அது புத்தக வினியோகஸ்தர்களுக்குக் கடிதம் அனுப்பும்: இன்னின்ன புத்தகங்கள் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆகாது என்று முடிவு செய்திருக்கிறோம், உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி, இந்தப் பட்டியல் உள்ளூர் போலீசுக்கும் போகிறது. சில நாளில் ஒரு போலீஸ்காரர் வந்து, என்ன செய்தீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போவார். தடை என்று யாரும் சொல்லவில்லை, புத்தகங்கள் மட்டும் அலமாரியைவிட்டுப் போயின. பேன்டம் புக்ஸ் வழக்கு என்று அறியப்படும் அதில் 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெயர் எதுவாக இருந்தாலும் இது தணிக்கைதான் என்றது. அறுபது வருடம் கழித்து, 2024 மே மாதம், நியூயார்க் மாநிலத்தின் நிதித்துறை அதிகாரி ஒருவர் ஒரு துப்பாக்கி அமைப்போடு உறவை முறிக்கும்படி காப்பீட்டு நிறுவனங்களை நெருக்கினார் என்ற வழக்கில் அதே நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் இதையே திரும்பச் சொன்னது: அரசு நேரடியாகச் செய்யக்கூடாததை அடுத்தவரை மிரட்டிச் செய்யவைக்கவும் கூடாது. அந்த அமைப்பின் கொள்கை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது, ஆனால் தீர்ப்பு சரி.

அடுத்த மாதமே அதே நீதிமன்றத்தில் சமூக ஊடகம் பற்றிய ஒரு வழக்கில் தீர்ப்பு வந்தது, மூர்த்தி எதிர் மிசௌரி. கோவிட் பற்றியும் தேர்தல் பற்றியும் வந்த பதிவுகளை எடுக்கும்படி அதிகாரிகள் நிறுவனங்களோடு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது புகார். ஆறுக்கு மூன்று என்று தள்ளுபடி ஆனது. அரசு செய்தது சரி என்று நீதிமன்றம் சொல்லவில்லை. வழக்கு போட்டவர்களுக்கு வழக்கு போடும் தகுதியே இல்லை என்றது, ஏனென்றால் தங்கள் பதிவு போனது அரசு கேட்டதாலா, நிறுவனம் தன் விதிப்படி தானே எடுத்ததாலா என்று அவர்களால் காட்ட முடியவில்லை. எப்படிக் காட்டுவது? காட்டுவதற்கான காகிதம் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதானே இந்த வழியின் சௌகரியமே. அந்தப் பதிவுகளில் கோவிட் பற்றிய அபத்தமான பொய்கள் பல இருந்தன, அவை போனதில் எனக்கு வருத்தம் இல்லை. இன்றைக்குப் பொய்யை எடுக்கத் திறந்த அந்தப் பின்வாசல் நாளைக்கு வேறு அரசு வந்ததும் மூடிக்கொள்ளாது என்பதுதான் கவலை.

எது பொய் என்று முடிவு செய்வதிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. இந்தியாவில் 2023இல், மத்திய அரசின் வேலைகளைப் பற்றி வருகிற செய்திகளில் எது பொய், எது திரிபு என்று அரசே அமைக்கும் ஒரு உண்மை சரிபார்ப்புப் பிரிவு சொல்லும் என்று விதி கொண்டுவந்தார்கள். அந்தப் பிரிவு பொய் என்று அடையாளம் காட்டியதைத் தளங்கள் விட்டுவைத்தால், மற்றவர்கள் போட்ட பதிவுக்குத் தளம் பொறுப்பல்ல என்று சட்டம் தரும் பாதுகாப்பு போய்விடும். தன்னைப் பற்றிய செய்திக்குத் தானே நீதிபதி! மும்பை உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு தர, மூன்றாவது நீதிபதியிடம் போய், 2024 செப்டம்பரில் அந்த விதி செல்லாது என்று ஆனது. அரசு தன் தரப்பை விளக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மறுப்பு வெளியிடட்டும், ஆதாரம் போடட்டும், அதிகாரி பெயரோடு போடட்டும். மறுப்பு சொல்வது வேறு, மறுப்பு சொன்னதும் எதிராளியின் வாயை அடைக்க அதிகாரம் வைத்துக்கொள்வது வேறு.

சாஃப்ட்வேர் முடிவெடுக்கிற விஷயத்துக்கு வருவோம். இதில் பட்ட அடிதான் எல்லாவற்றிலும் பெரிது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் உதவித்தொகை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அந்தந்த இரண்டு வார வருமானத்தைப் பார்த்துக் கணக்கிடப்படும். வரித்துறையிடம் இருப்பதோ முழு ஆண்டு வருமானம். 2016 முதல் பெரிய அளவில் ஓடிய ஒரு தானியங்கித் திட்டம், மக்கள் ரோபோடெட் என்று பெயர் வைத்தார்கள், இந்த ஆண்டு வருமானத்தை எடுத்து 26ஆல் வகுத்து ஒவ்வொரு இரண்டு வாரத்துக்கும் சமமாகப் பரப்பியது. ஒருவர் ஆறு மாதம் வேலையில்லாமல் உதவித்தொகை வாங்கி, அடுத்த ஆறு மாதம் நல்ல வேலையில் இருந்திருந்தால் இந்தக் கணக்கில் அவர் வேலையில்லாத காலத்திலும் சம்பாதித்ததாக வரும். உடனே கடிதம் போகும்: கணக்கில் வேறுபாடு இருக்கிறது, ஆன்லைனில் வந்து விளக்கவும். விளக்காவிட்டால் கடன். பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேடி எடுத்து, நான் கடன்காரன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அந்த ஆளின் வேலை. ஆரம்பத்தில் அனுப்பிய கடிதங்களில் இதற்கென்று இருந்த உதவி எண்ணைக்கூடப் போடவில்லை என்று அந்த நாட்டின் ஆம்பட்ஸ்மேன், அதாவது அரசுமீது வரும் புகார்களை விசாரிக்கும் அதிகாரி, 2017இல் எழுதினார்.

இந்த முறை சட்டப்படி நிற்காது என்று 2014லேயே ஒரு துறையின் சட்டப் பிரிவு எழுதிக் கொடுத்திருந்தது. தெரிந்தேதான் போனார்கள். தீர்ப்பாயத்தின் முதல் நிலையில் சிலர் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள், 2017லேயே. அந்த நிலையில் வரும் தீர்ப்புகள் வெளியிடப்படுவதில்லை. அரசு மேல்முறையீடு செய்திருந்தால் விஷயம் வெளியே வந்து எல்லோருக்கும் தெரிந்திருக்கும், ஆகவே மேல்முறையீடு செய்யாமல் விட்டுவிட்டுத் திட்டத்தை மற்றவர்கள்மேல் தொடர்ந்து ஓட்டினார்கள். எனக்கு இந்த இடத்தைப் படித்தபோதுதான் உண்மையில் கோபம் வந்தது. கணக்குப் பிழை யாருக்கும் நேரலாம். தோற்ற வழக்கை அமைதியாக அமுக்கிவிட்டு அதே கணக்கை அடுத்தவன் தலையில் போடுவது பிழையில் சேராது.

2019 நவம்பரில் வேறொரு வழக்கில் அரசு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. சுமார் 4,33,000 பேர்மேல் 176 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் சட்டத்துக்குப் புறம்பாகக் கடன் சுமத்தியிருந்தார்கள். கடிதம் கிடைத்தவர்களில் தற்கொலை செய்துகொண்டவர்கள் உண்டு, அவர்களுடைய தாய்மார் வந்து பின்னர் அமைந்த விசாரணை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். 2023 ஜூலையில் வந்த ராயல் கமிஷன் என்ற அந்த ஆணையத்தின் அறிக்கை அந்தத் திட்டத்தை முரட்டுத்தனமானது, கொடூரமானது, நியாயமும் இல்லை சட்டமும் இல்லை என்று சொன்னது.

நெதர்லாந்தில் நடந்ததும் கிட்டத்தட்ட இதே. குழந்தைப் பராமரிப்பு உதவியில் மோசடி செய்தார்கள் என்று பல்லாயிரம் குடும்பங்களிடம் முழுத் தொகையையும் திரும்பக் கேட்டார்கள், யாரைச் சந்தேகிப்பது என்பதில் குடியுரிமை விவரமும் கணக்கில் எடுக்கப்பட்டிருந்தது. அதற்காக 2021 ஜனவரியில் மந்திரிசபையே ராஜினாமா செய்தது. அதற்கு ஒரு வருடம் முன் ஹேக் நகர நீதிமன்றம் அதே நாட்டின் இன்னொரு மோசடிக் கண்டுபிடிப்பு சாஃப்ட்வேரை நிறுத்தியிருந்தது. சிரி என்று பெயர், போனில் பேசுகிற சிரி இல்லை. எந்தத் தகவலை வைத்து, எப்படி ஒருவரைச் சந்தேகத்துக்குரியவர் ஆக்குகிறது என்பதை அரசு சொல்லவில்லை, சொல்லாததைச் சரிபார்க்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பில் முக்கியமான இடம்.

சிலர் இதற்கு, எல்லாம் அல்காரிதத்தின் தவறு, செயற்கை நுண்ணறிவின் ஆபத்து என்று தலைப்புப் போடுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. 26ஆல் வகுப்பதில் என்ன நுண்ணறிவு? வகுக்கலாம் என்று முடிவு செய்தது மனிதர்கள், கூட்டம் போட்டு, எவ்வளவு மிச்சம் ஆகும் என்று பட்ஜெட்டில் எழுதி முடிவு செய்தார்கள். கம்ப்யூட்டர் செய்தது என்று சொல்வது கையெழுத்தை ஒளித்துவைக்க இன்னொரு இடம், அவ்வளவுதான்.

அதிகாரிகளின் சொந்த அக்கவுண்ட் விவகாரத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம், அடி அவ்வளவு பலமில்லை. ஒரு அமைச்சர் தன் பக்கத்தில் என்னை பிளாக் செய்தால் அது தனிமனிதர் செய்ததா, அரசு செய்ததா? டிரம்ப் தன்னை விமர்சித்தவர்களை ட்விட்டரில் பிளாக் செய்தது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2018இலும் 2019இலும் இரண்டு நீதிமன்றங்கள் சொன்னன, அப்புறம் அவர் பதவியைவிட்டுப் போனதால் 2021இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. 2024 மார்ச்சில் மிச்சிகனில் போர்ட் ஹூரான் என்ற நகரத்தின் நிர்வாகி தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு கேள்வி வைத்தது: அவருக்கு அரசின் சார்பில் பேச உண்மையிலேயே அதிகாரம் இருந்ததா, அந்தப் பதிவில் அந்த அதிகாரத்தைத்தான் பயன்படுத்தினாரா? அவர் பக்கத்தில் மகளின் படமும் இருந்தது, நகர அறிவிப்பும் இருந்தது. நீதிமன்றத்தின் அளவுகோல் அதிகாரிகளுக்குக் கொஞ்சம் தாராளம் என்பது என் எண்ணம், ஏனென்றால் குடும்பப் படத்தையும் அரசு அறிவிப்பையும் கலந்து போடுகிறவர் அந்தக் குழப்பத்தின் பலனை அனுபவிக்கிறார், குழப்பத்தைத் தீர்க்கிற செலவு குடிமகனுக்கு. பிரான்சிலோ நிலைமை தலைகீழ்: தேர்தலில் நின்ற ஒருவர் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் மற்றவர்கள் போட்ட வெறுப்புக் கமெண்ட்டுகளை உடனே நீக்காததற்குக் குற்றவாளி ஆனார், 2023இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அது சரி என்றது. அமெரிக்காவில் பிளாக் செய்தால் வழக்கு, பிரான்சில் நீக்காவிட்டால் வழக்கு. அரசியல்வாதிகளைப் பார்த்தும் பாவம் என்று தோன்றுகிற நேரம் இருக்கத்தான் செய்கிறது.

சட்டம் தொடாத இடமும் உண்டு. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது: கோவிட் காலத்தில் அமெரிக்க ராணுவம் பிலிப்பைன்ஸ் மக்கள் மாதிரி போலி அக்கவுண்டுகள் வைத்து, சீனத் தடுப்பூசியை நம்பாதே என்று பிரசாரம் செய்திருக்கிறது. அதன் சொந்த நாட்டுச் சட்டம் இதை அனுமதித்ததா என்று வக்கீல்கள் வாதம் செய்யலாம். தடுப்பூசி போடலாமா வேண்டாமா என்று குழம்பி நிற்கிற ஒருவரிடம், பக்கத்து வீட்டுக்காரர் வேடத்தில் ஒரு அரசு வந்து பேசுவது தகுமா என்பதற்கு வக்கீல் வேண்டாம். அரசு பேசட்டும், பேசுவது அரசு என்று சொல்லிவிட்டுப் பேசட்டும். மியான்மரில் ராணுவ அதிகாரிகள் பொழுதுபோக்குப் பக்கங்கள் என்ற பெயரில் பக்கங்கள் நடத்தி ரோஹிங்கியா முஸ்லிம்கள்மேல் வெறுப்பைப் பரப்பியதன் விளைவு என்ன என்று உலகத்துக்கே தெரியும். அங்கே 2018 ஆகஸ்டில் ராணுவத் தளபதியின் அக்கவுண்டை நீக்கியது ஃபேஸ்புக், ஒரு கம்பெனி. எந்த நீதிமன்றமும் இல்லை.

விவரங்களைக் காப்பதில் கம்பெனிக்கு ஒரு நியாயம், அரசுக்கு ஒரு நியாயம். ஐரோப்பாவின் ஜி.டி.பி.ஆர். என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் கம்பெனிகளுக்குப் பயங்கரமான அபராதம் வைத்திருக்கிறது, அரசு அலுவலகங்களுக்கு அபராதம் உண்டா என்பதை மட்டும் அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டது. ஜெர்மனி, வேண்டாம் என்று முடிவு செய்தது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 17ஆவது பிரிவு, மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி விலக்கு தர இடம் கொடுக்கிறது. தன்னிடம்தான் எல்லோரையும்விட அதிக விவரம் இருக்கிறது, தனக்குத்தான் விலக்கும்.

இருந்தாலும் நல்ல சேதியும் உண்டு. பல்கேரிய வரித்துறையின் கணினிகளில் இருந்து 2019இல் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் திருடுபோயின. திருடியது ஹேக்கர், நாங்கள் என்ன செய்வது என்பதுதான் வழக்கமான பதில். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2023 டிசம்பரில், பாதுகாப்பு ஏற்பாடு போதுமானதாக இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது விவரம் வைத்திருப்பவர்தான், தன் விவரம் தவறாகப் பயன்படுமோ என்ற பயம்கூட இழப்பீடு கேட்கத்தக்க பாதிப்பு ஆகலாம் என்றது. 2025 ஜனவரியில் இன்னும் ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது: ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் நடத்திய தளத்தில் ஃபேஸ்புக் மூலம் உள்நுழையும் வசதி இருந்தது, அதை அழுத்திய ஒரு ஜெர்மானியரின் ஐ.பி. முகவரி அமெரிக்காவில் இருக்கிற மெட்டாவுக்குப் போனது. உலகத்துக்கே தரவுச் சட்டம் கற்றுக்கொடுத்த அந்த ஆணையம், தன் சட்டத்தைத் தானே மீறியதற்காக அவருக்கு 400 யூரோ கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. தொகை ஒன்றும் இல்லை. பொறுப்பு யாருக்கு என்பது எழுத்தில் வந்தது.

இவ்வளவும் சொன்னால் ஒரு எதிர்க்கேள்வி வரும். குழந்தைகளின் ஆபாசப் படம் பரவுகிறது, கலவரத்தைத் தூண்டும் பொய் வீடியோ ஓடுகிறது, அப்போது அரசு பெயர் போட்டு, காரணம் எழுதி, கையெழுத்து வைத்து உட்கார்ந்திருக்க முடியுமா? வேகம் வேண்டும்தான், சில உத்தரவுகளைக் கொஞ்ச காலம் ரகசியமாக வைக்க வேண்டிய கட்டாயமும் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணம் எழுதுவதற்கும் வேகத்துக்கும் பகை இல்லை. ஐரோப்பாவின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரியில் முழுதாக நடைமுறைக்கு வந்தது, அதன் 9ஆவது பிரிவில் இதற்கு வழியே இருக்கிறது: ஒரு பதிவை நீக்கச் சொல்லி ஒரு அரசு அமைப்பு உத்தரவு அனுப்பினால் அதில் எந்தச் சட்டம், ஏன் சட்டவிரோதம், உத்தரவு போட்டது யார், எங்கே முறையிடலாம் என்று இருக்க வேண்டும், பதிவு போட்டவருக்கும் நிறுவனம் தகவல் சொல்ல வேண்டும். விசாரணைக்கு இடைஞ்சல் என்றால் அந்தத் தகவலைத் தள்ளிப்போடலாம். இது ஒரு பக்கம் எழுதுகிற வேலை. மெயிலிலும் போனிலும் கமுக்கமாகச் சொல்வதையும் இதே பதிவேட்டுக்குள் கொண்டுவர வேண்டும், அது எந்த நாட்டிலும் இன்னும் சரியாக நடக்கவில்லை.

தண்டனை விஷயம்தான் எனக்கு விடை தெரியாத இடம். நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு அந்த நாட்டு வரித்துறைக்கு 2021 டிசம்பரில் 27.5 லட்சம் யூரோவும் 2022 ஏப்ரலில் 37 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. வரித்துறை எங்கேயிருந்து கட்டும்? மக்கள் கட்டிய வரியில் இருந்து. அது எங்கே போகும்? அதே கஜானாவுக்கு. இடது பையில் இருந்து வலது பைக்கு. அபராதம் போட்ட செய்தியே அவமானம், அதுவே போதும் என்பவர்கள் இருக்கிறார்கள், இருக்கலாம். முடிவு எடுத்த ஆளைத் தொடாமல் எப்படி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆஸ்திரேலியாவில் அதையும் முயன்று பார்த்தார்கள். 2024 செப்டம்பரில் அரசுப் பணி ஆணையர் விசாரணையை முடித்து, ரோபோடெட்டில் இருந்த 12 அதிகாரிகள் நடத்தை விதிகளை 97 முறை மீறியிருக்கிறார்கள் என்று அறிவித்தார். இன்னும் வேலையில் இருந்தவர்களுக்குக் கண்டனம், அபராதம், பதவி இறக்கம் என்று ஏதோ கிடைத்தது, யாருக்கும் வேலை போகவில்லை. பணியைவிட்டுப் போய்விட்டவர்களைத் தண்டிக்க வழியே இல்லை. முன்னாள் துறைச் செயலாளர்கள் இருவரின் பெயரை மட்டும் வெளியிட்டார்கள், மற்ற பத்துப் பேரின் பெயர் அறிவிப்பில் இல்லை.